க்ளாக் இன் இருக்கிறது, க்ளாக் அவுட் எங்கே? வீட்டுப் பராமரிப்பு நேரக்கணக்கில் வரும் சிக்கல்களும் சரிசெய்யும் வழியும்

அமெரிக்காவில் முதியவர்களையும் உடல் முடியாதவர்களையும் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்கிறவர்கள் கேர்கிவர்கள். அவர்களுடைய வேலை நேரப் பதிவுகளை நான் என் வீட்டிலிருந்தே தணிக்கை செய்கிறேன். நான் இருப்பது டெக்சாஸில். நான் பார்க்கும் விசிட்டுகள் நடப்பது டென்னசியில். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே திணறும் இடங்களை, திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்து எழுதுகிறேன்.

அடிப்படை இதுதான். 2016 டிசம்பரில் கையெழுத்தான 21-ஆம் நூற்றாண்டு க்யூர்ஸ் சட்டம், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு பணம் கொடுக்கும் வீட்டுப் பராமரிப்பு விசிட்டுகளை மின்னணு முறையில் சரிபார்க்கச் சொல்கிறது. ஆங்கிலத்தில் எலக்ட்ரானிக் விசிட் வெரிஃபிகேஷன், சுருக்கமாக இ.வி.வி. கேர்கிவர் வந்ததும் பெரும்பாலும் போன் செயலியில் பதிவது க்ளாக் இன், கிளம்பும்போது பதிவது க்ளாக் அவுட். ஒவ்வொரு விசிட்டுக்கும் 6 விவரங்கள் வேண்டும்: என்ன சேவை, யாருக்கு, எந்தத் தேதி, எந்த இடம், யார் செய்தார், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது. இந்த ஆறில் ஒன்று குறைந்தாலோ இடித்தாலோ அந்த வரி எச்சரிக்கைக் குறியோடு நம் பட்டியலில் வந்து நிற்கும்.

அந்த ஒரு வரியிலிருந்து இரண்டு கணக்குகள் பிரிகின்றன. ஒன்று மெடிக்கெய்டுக்குப் போகும் பில். இன்னொன்று கேர்கிவரின் சம்பளம். பில்லுக்குத் தகுதி இல்லாத நேரம்கூட உழைத்த நேரமாக இருக்கலாம். உழைத்த நேரத்துக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு சிக்கலிலும் இந்த இரண்டையும் தனித்தனியாகவே பாருங்கள். தவறுகளில் பாதி, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வருகிறது.

வந்த நேரம் இருக்கிறது, கிளம்பிய நேரம் இல்லை

அன்றாடம் அதிகம் வருவது இதுதான். பட்டியலில் பார்த்ததும் கை தானாக ஷெட்யூலைத் தேடிப் போகும். ஷெட்யூலில் 9 முதல் 12 வரை என்று இருக்கும். 12 என்று போட்டு மூடிவிடத் தோன்றும். போடாதீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அப்படிப் போட்டேன். சம்பள நாளன்று அந்தக் கேர்கிவர் கூப்பிட்டார். அன்று 12 மணிக்கு அவர் கிளம்பத் தயாரானபோது, அவர் பார்த்துக்கொள்ளும் பாட்டி படுக்கையிலேயே வாந்தி எடுத்திருக்கிறார். துணி மாற்றி, உடம்பைத் துடைத்து, மகள் வந்து சேரும் வரை கூடவே இருந்துவிட்டு 1:10-க்குத்தான் இவர் வெளியே வந்திருக்கிறார். பதற்றத்தில் க்ளாக் அவுட் செய்ய மறந்துவிட்டது. “அந்த நிலையில் அவரை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?” என்று கேட்டார். நான் என் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவருடைய 70 நிமிடத்தை அழித்திருந்தேன். மறு வாரம் திருத்திக் கொடுத்தோம். ஆனால் அந்த வாரத்து வாடகைக்கு அவர் அந்தப் பணத்தை நம்பியிருந்தார். அன்றிலிருந்து நான் ஒரு நேரத்தையும் ஊகித்துப் போட்டதில்லை.

தேட வேண்டிய வரிசை இது. முதலில் செயலியின் ஒத்திசைவு. கிராமப்புறத்தில் சிக்னல் இல்லாத வீடுகளில் பதிவு போனிலேயே தங்கியிருக்கும். கேர்கிவர் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து செயலியைத் திறந்ததும் ஏறிவிடும். ஆகவே விசிட் முடிந்து ஒரு நாளாவது ஆகாமல் ‘விடுபட்டது’ என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டாவது, தொலைபேசிப் பதிவு. போன் அணைந்துபோனால் சிலர் கிளையன்ட் வீட்டு லேண்ட்லைனிலிருந்து இலவச எண்ணுக்கு அழைத்து க்ளாக் அவுட் செய்வார்கள். அது தனி வரியாக, எந்த விசிட்டோடும் சேராமல் அநாதையாகக் கிடக்கும். மூன்றாவது, அன்றைய பணிக்குறிப்பு. குளிப்பாட்டியது, சாப்பாடு கொடுத்தது, மருந்தை நினைவுபடுத்தியது ஆகியவற்றுக்கு எதிரே நேரம் பதிவாகியிருக்கலாம். நான்காவது, அதே கேர்கிவரின் அடுத்த விசிட் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பது. ‘இதற்கு மேல் இருந்திருக்க முடியாது’ என்ற எல்லையை அது காட்டும். அவ்வளவுதான், கிளம்பிய நேரத்தை அது காட்டாது.

இவ்வளவும் பார்த்த பிறகு போன் செய்யுங்கள். எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். “நீங்கள் 12 மணிக்குத்தானே கிளம்பினீர்கள்?” என்று கேட்டால், அவசரத்தில் இருப்பவர் “ஆமாம்” என்று சொல்லி வைத்துவிடுவார். “செவ்வாய்க்கிழமை அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது என்ன நடந்தது, நினைவிருக்கிறதா?” என்று கேளுங்கள். நேரம் தானாக வரும், காரணமும் கூடவே வரும். காரணம் கிடைத்தால்தான் ஏன் திருத்தினோம் என்பதைச் சொல்லும் சரியான காரணக் குறியீட்டைப் போட முடியும். கிளையன்ட் அல்லது குடும்பத்தார் உறுதிப்படுத்த வேண்டும் என்று உங்கள் மாநிலம் சொன்னால் அதையும் வாங்கி இணையுங்கள்.

எப்போது அழைப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். காலை 8 முதல் 10 வரை அழைக்காதீர்கள். அந்த நேரத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் குளியல் நடக்கும். ஈரத் தரையில் ஒருவரைத் தாங்கிப் பிடித்திருக்கும் கை நம் அழைப்புக்காகப் போனைத் தேடக்கூடாது. ஒரு குறுஞ்செய்தி போட்டுவிட்டு, அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தைக் கேட்டு அப்புறம் பேசலாம்.

இடம் பொருந்தவில்லை என்று காட்டுகிறது

க்ளாக் இன் செய்த இடம் கிளையன்ட் முகவரியிலிருந்து தள்ளி இருக்கிறது என்கிறது திரை. உடனே ‘காரில் இருந்தே க்ளாக் இன் செய்துவிட்டார்’ என்று நினைக்க வேண்டாம். ஒரே ஒரு வரியைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. பக்கவாட்டில் பாருங்கள்.

அந்த வீட்டுக்குப் போகும் எல்லாக் கேர்கிவர்களுக்கும் ஒரே திசையில், ஒரே தூரத்தில் விலகல் இருந்தால் தவறு முகவரியில்தான். பெரிய நிலத்தின் உள்ளே வீடு இருக்க, வரைபடம் சாலையோரத் தபால்பெட்டியைப் பிடித்திருக்கும். அடுக்குமாடி வளாகங்களில் அலுவலக வாசலைப் பிடித்திருக்கும். கிளையன்ட்டின் பதிவில் வரைபடப் புள்ளியைத் திருத்தினால் அந்த வீட்டின் அத்தனை எச்சரிக்கைகளும் அன்றோடு நிற்கும்.

ஒரு கேர்கிவருக்கு மட்டும், போகிற வீடெல்லாம் விலகல் வந்தால் அவருடைய போனைக் கவனியுங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 14-லிருந்தும் ஆண்ட்ராய்டில் 12-ஆம் பதிப்பிலிருந்தும், ஒரு செயலிக்குத் துல்லியமான இடத்தைக் கொடுக்கலாம், அல்லது ஏறத்தாழ இருக்கும் இடத்தை மட்டும் கொடுக்கலாம். அனுமதி கேட்கும்போது தெரியாமல் இரண்டாவதைத் தொட்டிருப்பார். பதிவு மைல் கணக்கில் தள்ளிப் போகும். போனில் அமைப்புகளுக்குப் போய் அந்த ஒன்றை மாற்றச் சொன்னால் போதும். புதுப் போன் வாங்கிய வாரத்தில் இந்தப் புகார் திடீரென முளைத்தால் பெரும்பாலும் இதுதான்.

ஒரு நாள் மட்டும் வேறு இடம் காட்டினால், அன்று மருத்துவரிடம் போனார்களா, கடைக்குக் கூட்டிப் போனாரா என்று கேளுங்கள். சட்டம் கேட்பது சேவை தொடங்கிய இடமும் முடிந்த இடமும்தான். இடையில் எங்கெல்லாம் போனார்கள் என்று பின்தொடரச் சொல்லவில்லை. ஜிபிஎஸ் கட்டாயம் என்றும் கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லை. லேண்ட்லைன் அழைப்பும், வீட்டில் பொருத்திவைக்கும் சிறு கருவி காட்டும் எண்ணும் பல மாநிலங்களில் செல்லும். இதைத் தெரிந்துவைத்திருங்கள். ஏனென்றால், “என்னை நாள் முழுக்க வேவு பார்க்கிறீர்களா?” என்று ஒரு கேர்கிவரோ கிளையன்ட்டோ கேட்பார். அவர்களுக்கு நேர்மையான பதில் கொடுக்க வேண்டியது நாம்தான்.

ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில்

பார்த்தவுடன் மோசடி போலத் தோன்றும் சிக்கல் இது. உண்மையிலேயே மோசடியாகவும் இருக்கலாம். பொய்யான நேரத்துக்கு மெடிக்கெய்டு பணம் வாங்குவது பெரிய குற்றம். அதனால்தான் குற்றம் சாட்டுவதற்கு முன் கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

டென்னசி ஒரே மாநிலம்தான், ஆனால் இரண்டு நேர மண்டலங்கள். நாக்ஸ்வில், சட்டனூகா கிழக்கு நேரம். நாஷ்வில், மெம்ஃபிஸ் மத்திய நேரம். எல்லைக்கோடு கவுண்டிகளுக்கு (மாவட்டம் போன்றவை) நடுவே ஓடுகிறது. உதாரணமாக, ரோன் கவுண்டி கிழக்கு நேரம், அதை ஒட்டிய கம்பர்லண்ட் கவுண்டி மத்திய நேரம். ரோன் கவுண்டியின் ராக்வுட்டில் ஒரு கேர்கிவர் காலை 11:00 மணிக்கு விசிட்டை முடித்து, 40 நிமிடம் ஓட்டிப்போய், கம்பர்லண்டில் உள்ள கிராஸ்வில்லில் அடுத்த வீட்டில் க்ளாக் இன் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடிகாரம் 10:40 காட்டும். நம் திரையில் 20 நிமிடம் இரண்டு வீட்டில் இருந்ததாகத் தெரியும். எதிர்த்திசையில் ஓட்டினால் 40 நிமிடப் பயணம் 1 மணி 40 நிமிடமாகத் தெரியும்.

இதற்கு மேல், நான் இருப்பது மத்திய நேரம். என் உலாவி சில அறிக்கைகளை என் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டிவிடும். ஆகவே எந்த மென்பொருளாக இருந்தாலும் முதல் நாளே ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தத் திரையில் தெரிவது விசிட் நடந்த ஊர் நேரமா, அலுவலக நேரமா, என் கணினி நேரமா? என் மேசையில் கிழக்கு நேரத்துக்கென்று தனியாக ஒரு கைக்கடிகாரம் வைத்திருக்கிறேன். பழைய முறைதான், ஆனால் கைகொடுக்கிறது.

கடிகாரம் சரியென்றால், அடுத்துக் கேட்க வேண்டியது: இரண்டு கிளையன்ட்டும் ஒரே வீட்டில் இருக்கும் கணவன் மனைவியா? அப்படியென்றால் விசிட்டை எப்படிப் பிரித்துப் பதிய வேண்டும் என்பதற்கு உங்கள் மாநிலத் திட்டத்தில் விதி இருக்கும். அதைப் பின்பற்றுங்கள். ஒரே கிளையன்ட்டிடம் இரண்டு கேர்கிவர்கள் இருப்பதாகக் காட்டினால், ஷிஃப்ட் மாறும்போது பேசிக்கொண்ட சில நிமிடங்களா, அல்லது தூக்கிப் படுக்க வைக்க இருவர் வேண்டும் என்று அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். கிளையன்ட் அன்று மருத்துவமனையில் சேர்ந்திருந்தார் என்பதும் ஒரு வகை மோதல். கேர்கிவர் வீட்டு வாசலுக்குப் போன பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது என்றால் அவருடைய நேரம் பொய் இல்லை. சேர்க்கப்பட்ட நேரத்தைக் கேட்டு வாங்கி அதோடு ஒப்பிடுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சங்கடம். ஒரு வீட்டில் 11:00-க்கு முடிவு, 15 மைல் தள்ளியுள்ள வீட்டில் 11:00-க்கே தொடக்கம். ஷெட்யூல் போட்ட கோ-ஆர்டினேட்டர் பயண நேரமே விடவில்லை. கேர்கிவர் என்ன செய்வார்? ஒன்று இங்கே சீக்கிரம் கிளம்புவார், அல்லது அங்கே தாமதமாகப் போவார். எப்படிப் போனாலும் கெட்ட பெயர் அவருக்குத்தான். ஒரே நாளில் ஒரு கிளையன்ட் வீட்டிலிருந்து இன்னொரு கிளையன்ட் வீட்டுக்குப் போகும் நேரத்தை வேலை நேரம் என்றே கூட்டாட்சி விதிகள் சொல்கின்றன. பில்லில் அது வராது, சம்பளத்தில் வர வேண்டும். இப்படி ஒன்றைக் கண்டால் கேர்கிவருக்கு எச்சரிக்கை அனுப்பாமல் ஷெட்யூல் போட்டவருக்கு எழுதுங்கள்.

இரவு ஷிஃப்ட் ஒரு மணி நேரம் கூடவோ குறையவோ வருகிறது

நாட்காட்டியைப் பாருங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறா, நவம்பர் முதல் ஞாயிறா? அமெரிக்காவில் அன்று அதிகாலை கடிகாரத்தை மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னாலும் நவம்பரில் ஒரு மணி நேரம் பின்னாலும் நகர்த்துவார்கள். சனி இரவு 10 முதல் ஞாயிறு காலை 6 வரையான ஷிஃப்ட் மார்ச்சில் 7 மணி நேரம், நவம்பரில் 9 மணி நேரம். பில்லுக்கு எண்ணும் 15 நிமிட யூனிட்டுகளில் 28, 36. வழக்கமான 32 இல்லை. நவம்பரில் அனுமதிக்கப்பட்ட யூனிட்டுகளைத் தாண்டிவிட்டது என்று பில் திரும்பலாம். சம்பளம் 9 மணி நேரத்துக்குத்தான். அந்தக் கூடுதல் மணி எந்தச் சம்பள வாரத்தில் விழுகிறது, அது 40 மணி நேரத்தைத் தாண்டவைக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டு ஞாயிறுகளுக்கு முந்தைய வெள்ளியன்றே இரவு ஷிஃப்ட் பட்டியலைத் தனியாக எடுத்துவைப்பேன்.

ஓவர்டைம் பற்றி ஒரு வார்த்தை. ஏஜென்சி வழியாக வேலை செய்யும் கேர்கிவர்களைக் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலிக்கும் ஓவர்டைமுக்கும் உள்ளே கொண்டுவந்தது 2013-ல் வெளியாகி 2015-ல் நடைமுறைக்கு வந்த விதி. 2025-ல் தொழிலாளர் துறை அதைத் திரும்பப் பெற முன்மொழிந்தது. பல மாநிலங்களுக்குத் தனிச் சட்டமும் இருக்கிறது. ஆகவே உங்கள் மாநிலத்தில் இன்று எது செல்லும் என்பதைச் சம்பளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஷிஃப்ட்டில் ‘தூங்கிய நேரம்’ என்று 3, 4 மணி கழிக்கப்பட்டிருந்தால் அதையும் நிறுத்திவையுங்கள். 24 மணி நேரத்துக்குக் குறைவான பணியில், அனுமதியோடு கண்ணயர்ந்தாலும் அது வேலை நேரமே என்கிறது கூட்டாட்சித் தொழிலாளர் விதி. 24 மணி அல்லது அதற்கு மேற்பட்ட பணியில்தான், முன்கூட்டிய ஒப்பந்தத்தின்பேரில் 8 மணி வரை கழிக்கலாம். அதுவும் குறைந்தது 5 மணி நேரமாவது உறங்க முடிந்திருந்தால்தான். கிளையன்ட் எழுப்பிய நேரம் எப்போதும் வேலை நேரம்.

எல்லாம் அளவெடுத்தது போல் சரியாக இருக்கிறது

9:00, 1:00. மறுநாளும் 9:00, 1:00. இப்படி ஒரு வாரம். எச்சரிக்கைக் குறி எதுவும் வராது. ஆனால் என்னைப் பொறுத்தவரை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான். மனிதர்கள் 8:57-க்கும் 9:04-க்கும் வருவார்கள். ஒரு நிமிடம்கூடப் பிசகாத வாரம் என்றால், அது பெரும்பாலும் கையால் உள்ளிடப்பட்டது.

யார் உள்ளிட்டார்? மாற்றங்களின் பதிவைத் திறந்து பாருங்கள். எந்தப் பயனர் கணக்கிலிருந்து, எப்போது, எந்தக் காரணக் குறியீட்டோடு என்பது அங்கே இருக்கும். பலமுறை நான் கண்டது, கேர்கிவர் பதிந்த உண்மையான நேரத்தின் மேல் அலுவலகத்தில் யாரோ ஷெட்யூல் நேரத்தை ஏற்றியிருப்பது. பில் திரும்பாமல் இருக்கட்டும் என்ற நினைப்பு. இதில் கேர்கிவருக்குத் தெரியாமலே அவருடைய பெயரில் ஒரு பொய் ஏறிவிடுகிறது. பிற்பாடு விசாரணை வந்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவது அவரிடம்தான். மூலப் பதிவு அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள், அதன் நகலை அந்த விசிட்டின் கோப்பில் சேர்த்துவையுங்கள், மேலாளரிடம் நேராகக் கொண்டுபோங்கள். கோ-ஆர்டினேட்டரிடம் சண்டை பிடிக்க வேண்டாம். அவர்மேல் யார் அழுத்தம் கொடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியாது.

யூனிட் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை

தனிநபர் பராமரிப்புக்கு வழக்கமாகப் பயன்படும் டி1019 குறியீட்டில் ஒரு யூனிட் 15 நிமிடம். ஒரே நாளில் 2 மணி 52 நிமிடமும் 1 மணி 8 நிமிடமும் இரண்டு விசிட்டுகள் என்றால், முழு யூனிட்டுகளை மட்டும் எண்ணினால் 11 + 4 = 15. நாள் முழுவதையும் கூட்டிப் பிரித்தால் 240 நிமிடம், 16 யூனிட். எது சரி என்பதை மாநில விதியும் பணம் கொடுக்கும் திட்டமும் தீர்மானிக்கும். அந்த விதியின் நகல் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

நிமிடங்களை இப்படி முழு அளவுகளுக்குக் கொண்டுவருவதுதான் முழுமையாக்கல். அதையே சம்பளத்துக்கும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சம்பளத்தில் 5, 6 அல்லது 15 நிமிடத்துக்கு முழுமையாக்குவதைக் கூட்டாட்சி விதி அனுமதிக்கிறது. ஆனால் காலப்போக்கில் உழைத்த நேரம் முழுவதும் ஈடாகிவிட வேண்டும். எப்போதும் கீழ்நோக்கியே வெட்டினால் ஈடாகாது. ஒரு கேர்கிவரின் 4 வாரப் பதிவை எடுத்து, உண்மை நிமிடத்தையும் சம்பள நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மாநிலத்துக்கு அனுப்பிய விசிட் திரும்பி வருகிறது

நேரம் எல்லாம் சரி, ஆனாலும் ஏற்கவில்லை. மெடிக்கெய்டு அடையாள எண், கேர்கிவர் அடையாள எண், சேவைக் குறியீடு, அனுமதித் தேதிகள் என்ற வரிசையில் பாருங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்களுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பெயர் இருக்கும். நேரத்தைத் தொடாமல் அடையாள விவரத்தை மட்டும் திருத்தி மறுபடி அனுப்புங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்வதால் வரும் சிக்கல்

நோயாளிகளின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்லும் ஹிப்பா சட்டம் நம் சமையலறை மேசைக்கும் பொருந்தும். கிளையன்ட்டின் பெயரும் நோயும் முகவரியும் திரையில் இருக்கின்றன. கதவு மூடும் அறை, காதில் ஹெட்போன், எழுந்தால் பூட்டும் திரை ஆகியவை வேண்டும். சந்தேகம் கேட்கத் திரையைப் படம் பிடித்து வாட்ஸப்பில் சக ஊழியருக்கு அனுப்புவது பலரும் செய்யும் தவறு. விசிட் எண்ணை மட்டும் அலுவலக அமைப்பிலேயே அனுப்பினால் போதும், அவர் திறந்து பார்த்துக்கொள்வார்.

தொலைவில் இருப்பதால் வரும் இன்னொன்று, ஒரே திருத்தம் வாராவாரம் திரும்ப வருவது. ஒரு வீட்டில் புதன்கிழமை மட்டும் க்ளாக் அவுட் விடுபட்டுக்கொண்டே இருந்தது. ஆறு வாரம் திருத்தினேன். ஏழாவது வாரம்தான் கேட்டேன், புதன்கிழமை என்ன விசேஷம் என்று. அன்று கிளையன்ட்டை டயாலிசிஸ் மையத்தில் விட்டுவிட்டு கேர்கிவர் அங்கிருந்தே வீட்டுக்குப் போகிறார்; செயலி வீட்டு முகவரிக்கு வெளியே க்ளாக் அவுட் செய்ய விடவில்லை. அந்த மையத்தை இரண்டாவது இடமாகச் சேர்த்ததும் முடிந்தது. மூன்றாம் முறையும் அதே வரி வந்தால் திருத்துவதை நிறுத்திவிட்டுக் காரணம் கேளுங்கள்.

வரியை மூடும்போது எழுதும் குறிப்பு, உங்களைத் தெரியாத ஒருவர் சில வருடம் கழித்துப் படித்தாலும் புரிய வேண்டும். ‘கேர்கிவரிடம் பேசினேன், சரி’ என்று எழுதினால் யாருக்கும் உதவாது. நான் எழுதுவது இப்படி இருக்கும்: “க்ளாக் அவுட் இல்லை. ஒத்திசைவு, தொலைபேசிப் பதிவு, பணிக்குறிப்பு பார்த்தேன். கேர்கிவர் புதன் மாலை 4:20-க்குத் தொலைபேசியில் சொன்னது: கிளையன்ட் வாந்தி எடுத்ததால் மகள் வரும் வரை இருந்தார், கிளம்பியது 1:10. மகள் உறுதி செய்தார். மூலப் பதிவு மாற்றப்படவில்லை. பில்: அனுமதித்த 12 யூனிட் மட்டும். சம்பளம்: 9:02 முதல் 1:10 வரை முழுவதும்.”